எம்ஜிபி காரில் பெட்ரோல் முள் தப்பாகக் காட்டினால்

பெட்ரோல் முள் தப்பாகக் காட்டினால் முக்கால்வாசிப் பேர் உடனே புது டேங்க் யூனிட் (டேங்கில் பெட்ரோல் அளவை மிதவை வைத்து அறியும் பாகம்) வாங்கிவிடுகிறார்கள். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். காசும் கூட, வேலையும் கூட, பாதி நேரம் கோளாறு அங்கே இருப்பதும் இல்லை.

நான் சொல்வது 1964 கடைசிக்கு அப்புறம் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு. அதாவது சாவியைத் திருப்பினால் முள் அவசரப்படாமல் மெதுவாக ஏறுகிற ஸ்மித்ஸ் மீட்டர். சட்டென்று ஏறி வளைவில் ஆடுகிற முள் என்றால் அது பழைய காந்த வகை, அதற்கு வோல்ட்டேஜைச் சீராக்கும் ஸ்டெபிலைசரே கிடையாது.

மின்சாரம் போகும் வழி இதுதான்: ஸ்டெபிலைசர் பேட்டரி வோல்ட்டேஜை விட்டு விட்டு அனுப்பி சராசரியாக 10 வோல்ட் ஆக்குகிறது, அது மீட்டருக்குள் போய், பச்சையில் கறுப்புக் கோடு போட்ட ஒயர் வழியாக டேங்க் யூனிட்டுக்குப் போய், எர்த்தில், அதாவது காரின் பாடியில், முடிகிறது. டேங்க் நிறைந்திருந்தால் யூனிட்டின் தடை ஏறத்தாழ 20 ஓம், பாதியில் 70க்குப் பக்கம், காலியானால் 250ஐத் தாண்டும். தடை கூடினால் முள் இறங்கும், அவ்வளவுதான். ஆகவே ஒயர் அறுந்தாலும் எர்த் துருப்பிடித்தாலும் முள் குறைத்துத்தான் காட்டும். அந்த ஒயர் எங்காவது பாடியில் உரசினால் எப்போதும் ஃபுல்.

குறைவாகக் காட்டுகிறதா? யூனிட்டில் இருக்கும் கறுப்பு எர்த் ஒயரைக் கழற்றி, இரண்டு முனையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டிப் பாருங்கள். செலவே இல்லை. எல்லா அளவிலும் கூடுதலாகக் காட்டினால் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். அதன் உடம்புக்கு எர்த் சரியாக இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சுருள் சூடாகாது, தொடர்பு விலகாது, முழு 12 வோல்ட்டும் மீட்டருக்குப் போகும். டிஜிட்டல் மல்டிமீட்டரில் எண் குதித்துக்கொண்டே இருந்தால் பயப்படாதீர்கள், நல்ல ஸ்டெபிலைசர் அப்படித்தான். மாற்றுவதானால் எலக்ட்ரானிக் வகை நல்லது, ஆனால் 1967 கடைசிக்கு முந்தைய வண்டிகள் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் சேர்ந்திருக்கும்); அதற்கென்று செய்ததைத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது மீட்டர். டேங்க் பக்கம் அந்தப் பச்சை–கறுப்பு ஒயரைக் கழற்றி, 68 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்து, சாவியைப் போட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள், முள் பாதியில் நிற்க வேண்டும். 22 ஓம் வைத்தால் ஃபுல் பக்கம் வர வேண்டும். வந்துவிட்டால் மீட்டர் சரி, குற்றவாளி டேங்க் யூனிட். வராவிட்டால் மீட்டரின் பின்புறம் சின்ன கார்க் மூடிகளுக்கு அடியில் இரண்டு சரிசெய்யும் இடங்கள் இருக்கும்; துளித் துளியாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் முள் நிலைக்கும் வரை பொறுங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றதும் நகரும், அதனால் இரண்டையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியிருக்கும்.

யூனிட்டைக் கழற்றுவதுதான் ஆபத்தான கட்டம். அது டேங்கின் பக்கவாட்டில் இருப்பதால் முதலில் பெட்ரோலை வடித்துவிடுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். யூனிட்டைப் பிடித்திருக்கும் வளையத்தைத் தட்ட பித்தளைத் துண்டுதான், இரும்பு வேண்டாம். வெளியே எடுத்ததும் மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது மிதக்காது. மல்டிமீட்டரை மாட்டி மிதவைக் கம்பியை மெதுவாக ஏற்றி இறக்கினால் ஓம் எண் சீராக மாற வேண்டும். நடுவில் குதித்தால் தடைக்கம்பி தேய்ந்துவிட்டது, புதுசுதான் வழி. வளையத்துக்கு அடியில் இருக்கும் ரப்பரை எப்படியும் மாற்றுங்கள்.

புது யூனிட்டுகள் பலவும் பழைய மீட்டரோடு அப்படியே ஒத்துப்போவதில்லை. மாட்டுவதற்கு முன் வெளியே வைத்தே ஒயர் கொடுத்துப் பார்த்து, மிதவைக் கம்பியை லேசாக வளைத்து, காலிக் கோட்டைச் சரியாக வையுங்கள். ஃபுல் கொஞ்சம் தப்பினால் ஒன்றும் கெட்டுப்போகாது, காலி தப்பினால் நடுரோடுதான். மாட்டியபின் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, எத்தனை லிட்டருக்கு முள் எங்கே நிற்கிறது என்று ஒரு அட்டையில் குறித்து டாஷ்போர்டுக்குள் போட்டுவையுங்கள்.