போர்டு நிறத்தைக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள்

கடை போர்டுக்கோ விசிட்டிங் கார்டுக்கோ நிறம் முடிவு செய்யும் முன், டிசைனைப் போனில் படம் பிடித்து, எடிட்டில் போய்க் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எழுத்தும் பின்னணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம்.

எழுத்தை வாசிக்க வைப்பது நிறத்தைவிட வெளிச்ச வித்தியாசம்தான். அடர் பச்சையில் சிவப்பு எழுத்து கண்ணைப் பறிக்கும், ஆனால் படத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு இன்னும் சிரமம். வெள்ளையில் மஞ்சள் எழுத்தும் படத்தில் அப்படியே ஒன்றாகிவிடும். கேரள எல்லையில் குமுளி, களியக்காவிளைப் பக்கம் ஒரே போர்டில் தமிழும் மலையாளமும் நெருக்கி எழுதுகிறோமே, அங்கே இது ரொம்ப முக்கியம். இரண்டிலும் சுழி அதிகம், நிறம் மங்கினால் சுழியெல்லாம் அடைபட்ட மாதிரி ஆகிவிடும். இணையப் பக்கங்களை எல்லோரும் வாசிக்க முடிய வேண்டும் என்பதற்கான அணுகல் விதிகள், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச விகிதம் சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 ஆவது இருக்கக் கேட்கின்றன. போர்டுக்கும் அதை வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே விளக்கு எரியும் போர்டுக்கு இந்தச் சோதனை போதாது. மாதிரித் துண்டை இரவில் எரியவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், இரண்டு நிறமும் பொருத்தமாக இருக்கிறதா என்பதையும் இது சொல்லாது. அதற்கு வீட்டில் நாலு பேரைக் கேளுங்கள்.