அரிசி ஆலை மென்பொருளை எங்கே பிரிப்பது?

சம்மாந்துறைப் பக்கம் அரிசி ஆலைக்கு மென்பொருள் எழுதுகிறீர்களா? திரை வரைய முந்தி தராசடியில் கொஞ்சம் நில்லுங்கள். நெல்லை நிறுப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர். வேலை கைமாறும் இடத்தில்தான் மென்பொருளையும் சேவைகளாக, அதாவது தனித்தனியே ஓடும் சிறு நிரல்களாகப் பிரிக்க வேண்டும்: கொள்முதல், இருப்பு, கொடுப்பனவு. ஒன்றின் தரவுத்தளத்தில் மற்றது கைவைக்கக் கூடாது. ஏபிஐ (ஒரு நிரல் இன்னொன்றிடம் தகவல் கேட்பதற்கான வாசல்) வழியாகவே கேட்க வேண்டும்.

இணையம் இடையில் அறுந்தால் பதில் வராது, கொடுப்பனவுக் கோரிக்கை திரும்பவும் போகும். அதனால் ஒவ்வொரு சிட்டைக்கும் தராசடிக் கணினியே தனி எண் போடட்டும், சேவையகம் அல்ல. அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே அனுப்புங்கள். இல்லையென்றால் ஒரே நெல்லுக்கு இரண்டு தரம் காசு போகும். முதலாளி சும்மா விடமாட்டார்.

அப்புறம், ஒரே கணினி உள்ள சின்ன ஆலைக்கு இவ்வளவு தேவையில்லை. ஒரே செயலியாக எழுதி, உள்ளே தொகுதிகளாகப் பிரித்தால் போதும்.