ஓர சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள்: ஃபேக்டோரியல் டிசைனில் நடக்கும் தவறுகள்

ஃபேக்டோரியல் டிசைன் என்றதும் அதைக் காரணிப் பகுப்பாய்வோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. அது வேறு சமாச்சாரம். இங்கே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காரணிகளை (மருந்து, இடம் போல நாம் மாற்றிப் பார்க்கும் அம்சங்களை) ஒரே சோதனையில் வைத்து, அவற்றின் எல்லாச் சேர்க்கைகளையும் சோதிக்கிறோம். இதைக் காரணி வடிவமைப்பு என்று சொல்லலாம்.

குறியீட்டிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். 2×3 என்றால் மூன்று காரணிகள் இல்லை, இரண்டுதான். ஒன்றுக்கு 2 நிலைகள் (மருந்து கொடுப்பது, கொடுக்காதது போல), இன்னொன்றுக்கு 3. பெருக்கினால் 6 சேர்க்கைகள். எத்தனை எண்கள் எழுதியிருக்கிறதோ அத்தனை காரணிகள். சரி, இது அவ்வளவுதான்.

உண்மையான சிக்கல் முடிவுகளைப் படிக்கும்போது வருகிறது. 1975இல் உளவியலாளர்கள் கோடன், பேட்லி இருவரும் முக்குளிப்பவர்களை வைத்துச் செய்த சோதனையை எடுத்துக்கொள்வோம். சொற்பட்டியலைக் கரையில் அல்லது நீருக்கடியில் கற்க வேண்டும். பிறகு கரையில் அல்லது நீருக்கடியில் நினைவுகூர வேண்டும். ஆக 2×2. கரையில் கற்றதைக் கரையிலேயே சொன்னபோது சராசரியாக 13.5 சொற்கள் நினைவுக்கு வந்தன. நீரில் கற்று நீரிலேயே சொன்னபோது 11.4. இடம் மாறியபோது, கரையில் கற்று நீரில் சொன்னால் 8.6, நீரில் கற்றுக் கரையில் சொன்னால் 8.4.

இப்போது அட்டவணையின் ஓரத்துச் சராசரிகளை மட்டும் பாருங்கள். கரையில் கற்றவற்றுக்கு ஏறத்தாழ 11, நீரில் கற்றவற்றுக்கு 9.9. "கற்கும் இடத்தால் பெரிய வித்தியாசம் இல்லை" என்று எழுதிவிட்டால் சோதனையின் உயிரே போய்விடும். கற்ற இடமும் நினைவுகூரும் இடமும் ஒன்றாக இருந்ததா என்பதுதானே சங்கதி! ஒரு காரணியின் விளைவு இன்னொன்றின் நிலையைப் பொறுத்து மாறுவதைத்தான் இடைவினை என்கிறோம். அது வலுவாக இருக்கும்போது முதன்மை விளைவுகளை, அதாவது ஒவ்வொரு காரணியும் சராசரியாகத் தரும் விளைவை, தனியாகப் பேசுவதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு கட்டத்தின் சராசரியையும் பார்க்க வேண்டும். (2021இல் வெளிவந்த மறுசோதனையில் இந்த முடிவு கிடைக்கவில்லை. ஆனாலும் அட்டவணை படிக்கப் பழக இதைவிடத் தெளிவான எண்கள் எனக்குக் கிடைத்ததில்லை.)

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இரண்டு மருந்தும் சேர்ந்து நன்றாக வேலை செய்தால், உடனே "இடைவினை இருக்கிறது" என்று முடிவு கட்டுவது. 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், மாரடைப்பு வந்த 17,187 நோயாளிகளை ஸ்ட்ரெப்டோகைனேஸ் (இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து), ஆஸ்பிரின் என்ற இரண்டு காரணிகளில் பிரித்தார்கள். ஐந்து வாரத்தில் இதய, இரத்தநாளக் காரணங்களால் இறந்தவர்கள், இரண்டு மருந்தும் பெறாதவர்களில் 13.2 சதவீதம், ஸ்ட்ரெப்டோகைனேஸ் மட்டும் பெற்றவர்களில் 10.4, ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 10.7, இரண்டையும் பெற்றவர்களில் 8.0. தனித்தனியாகக் குறைந்தது 2.8, 2.5, கூட்டினால் 5.3. சேர்த்துக் கொடுத்தபோது குறைந்ததும் 5.2தான். ஒன்றின் பலனை மற்றது கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இங்கே முதன்மை விளைவுகளைத் தாராளமாகத் தனித்தனியே சொல்லலாம். ஒவ்வொரு நோயாளியும் இரண்டு கேள்விக்கும் பதில் தந்திருக்கிறார். அதுதான் இந்த வடிவமைப்பின் லாபம்.

அதே ஆய்வில் ஒரு வேடிக்கை. நோயாளிகளை மேலைநாட்டு ராசிப்படி பிரித்துப் பார்த்தபோது, மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் பலன் தரவில்லை என்று வந்தது! தரவைத் துண்டு துண்டாக நறுக்கினால் என்னவெல்லாம் வரும் என்று காட்டவே ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். நாம் இதையே "ஆண்களிடம் பி மதிப்பு 0.05க்குக் கீழே, பெண்களிடம் மேலே, ஆகவே பாலினம் விளைவை மாற்றுகிறது" என்று கௌரவமாக எழுதுகிறோம். (உண்மையில் விளைவே இல்லையென்றாலும் இவ்வளவு வித்தியாசமோ அதற்கு மேலோ தற்செயலாக வருவதற்கான வாய்ப்புதான் பி மதிப்பு; 0.05க்குக் கீழே இருந்தால் முடிவு தேறியதாகக் கொள்வது வழக்கம்.) ஒன்று தேறி மற்றது தேறாததால் மட்டும் இரண்டும் வேறு என்றாகிவிடாது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தையே நேரடியாகச் சோதிக்க வேண்டும். அப்புறம், ராசியோ பாலினமோ குலுக்கல் முறையில் நாம் கொடுத்தது இல்லை. அட்டவணையில் மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாலேயே அதைக் காரணம் என்று சொல்ல முடியாது.

கடைசியாக, மாதிரி அளவு. முதன்மை விளைவுக்குக் கணக்குப் போட்டு ஆள் சேர்த்துவிட்டு, இடைவினையையும் அதிலேயே பிடித்துவிடலாம் என்று நம்புகிறார்கள். இடைவினை என்பது வித்தியாசங்களின் வித்தியாசம். அதில் தற்செயலான ஏற்ற இறக்கம் அதிகம். 2×2 வடிவமைப்பில் வித்தியாசம் அதே அளவு இருந்தால்கூட, அதே உறுதியோடு பிடிக்க ஏறத்தாழ நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். ஆய்வுத் திட்டத்தில் "இடைவினையையும் ஆராய்வோம்" என்று ஒரு வரி சேர்ப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பலர் அந்த வரியை அடித்துவிடுவார்கள்.