லிங்க்ட்இன் பதிவுகளால் வாடிக்கையாளர் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் கணக்கியல், வரி ஆலோசனை, ஏற்றுமதி ஆவணம் தயாரித்தல் போன்ற சேவைகளைச் சொந்தமாகத் தொடங்கும் இளையோர் பலர் இப்போது லிங்க்ட்இன் வழியாகவே முதல் வாடிக்கையாளரைத் தேடுகிறார்கள். விளம்பரத்துக்குப் பணம் வேண்டாம், கடைத்தெருவில் அலுவலகமும் வேண்டாம் என்பதால் அது நல்ல முடிவுதான். என் அலுவலகத்துக்கு வரும் நிறுவனங்களிலும் கணிசமானவை அங்கே என் எழுத்தை வாசித்துவிட்டு வந்தவையே. ஆனால் புதிதாக எழுதுவோரின் பதிவுகளைப் பார்க்கும்போது, நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறுகள் அச்சுப் பிசகாமல் திரும்பி வருவதைக் காண்கிறேன். எழுத்துப்பிழை, மங்கலான முகப்புப் படம் ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை; அவற்றை நண்பர் எவரும் சுட்டிக்காட்டிவிடுவார். கைக்கு வந்த வேலையைப் பறித்துவிடும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

சக தொழிலரை நோக்கி எழுதுவது

2024 ஜனவரி 1ஆந் திகதி பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்தபோது, அவ்வரிக்குப் பதிவுசெய்ய வேண்டிய வருடாந்தப் புரள்வு (மொத்த விற்பனை) எல்லையும் 80 மில்லியன் ரூபாயிலிருந்து 60 மில்லியன் ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அந்நாட்களில் கணக்காளர்கள் எழுதியவற்றில் சட்டத் திருத்தத்தின் பிரிவு இலக்கங்களே நிறைந்திருந்தன. பாராட்டியவர்கள் யாரென்று பார்த்தால் பிற கணக்காளர்களும் கணக்கியல் மாணவர்களும்தான். புறக்கோட்டையில் ஹார்ட்வெயார் கடை நடத்தும் ஒருவர் அறிய விரும்பியதோ ஒன்றே ஒன்று: இனித் தானும் பதிவுசெய்ய வேண்டுமா? வரிக்குட்பட்ட விற்பனை மாதம் சராசரியாக 5 மில்லியன் ரூபாயைத் தாண்டினால் நீங்களும் பதிவுசெய்ய வேண்டும் என்று முதல் வரியிலேயே சொல்லியிருந்தால், அவர் மிச்சத்தையும் வாசித்திருப்பார்.

முதல் வரி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அத்தளத்தில் ஒரு பதிவுக்கு 3,000 எழுத்துகள் வரை இடமுண்டு என்றாலும், கைத்தொலைபேசித் திரையில் முதலில் தெரிவது இரண்டு மூன்று வரிகள்தாம். எஞ்சியதைப் பார்க்க வாசிப்பவர் விரலால் தொட வேண்டும். அந்த வரிகளை ‘இன்றைய போட்டி மிகுந்த உலகில்’ என்று செலவழித்துவிட்டால், பயனுள்ள செய்தி கீழே கிடந்து என்ன பயன்?

வாடிக்கையாளரின் கதையை அவர் அறியாமல் எழுதுவது

இதைப் பற்றி எத்தனை பேரிடம் சொன்னாலும் என் எரிச்சல் தணிவதில்லை, ஏனெனில் இதில் விழுபவர்கள் பெரும்பாலும் திறமைசாலிகள். வேலை நன்றாக முடிந்த மகிழ்ச்சியில் அதையே சான்றாகக் காட்டும் ஆவல் எழுகிறது. பெயரைச் சொல்லாவிட்டால் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள்.

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே சிறு நிறுவனங்களின் கணக்குகளைப் பார்த்துவந்த ஓர் இளைஞரை நான் நன்கு அறிவேன். தேயிலை ஏற்றுமதியாளர்களுக்குத் தகரப் பேணி செய்துகொடுக்கும் ஒரு குடும்ப நிறுவனத்தில், ஊழியர் சேமலாப நிதிப் பங்களிப்புப் பல மாதங்களாகக் குறைத்துக் கட்டப்பட்டிருந்ததை அவர் கண்டுபிடித்து, நிலுவையைக் கணித்து, முறைப்படி சீர்செய்து கொடுத்தார். அருமையான வேலை அது. அதைப் பற்றி அவர் எழுதியதில் நிறுவனத்தின் பெயர் இல்லை. ஆனால் களனி ஆற்றுக்கு அப்பால் உள்ள தொழிற்சாலை, தகரப் பேணி உற்பத்தி, தந்தை காலமானபின் மகள் பொறுப்பேற்றது என்ற விவரங்கள் எல்லாம் இருந்தன. கூடவே சம்பளப் பட்டியலின் ஸ்கிரீன்ஷொட் ஒன்றையும் இணைத்திருந்தார். ஊழியர்களின் பெயர்கள் மீது கறுப்புக் கோடு இழுக்கப்பட்டிருந்தது. அங்கத்துவ இலக்கங்களும் அடிப்படைச் சம்பளமும் அப்படியே தெரிந்தன. திரையின் மேல்மூலையில் கோப்பின் பெயராக நிறுவனத்தின் முதலெழுத்துகள் நின்றன.

கொழும்பில் ஒரு துறைக்குள் இருப்பவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அறிவார்கள். அதே நிறுவனத்திடம் பேணி வாங்கும் ஓர் ஏற்றுமதியாளரின் கொள்வனவு முகாமையாளர் பதிவை வாசித்தார். ஊழியர் கொடுப்பனவுகள் ஒழுங்காக உள்ளனவா என்று வெளிநாட்டுக் கொள்வனவாளர்கள் கேட்கும் காலம் இது. ஆகவே அன்று மாலையே அவர் தொலைபேசியில் விளக்கம் கேட்டார். அந்த அழைப்பு வரும்வரை உரிமையாளருக்கு எதுவுமே தெரியாது. மறுநாள் காலை இளைஞரின் ஒப்பந்தம் இரண்டு வரி மின்னஞ்சலில் முடிவுக்கு வந்தது. “பெயரைப் போடவில்லையே அக்கா” என்று அவர் என்னிடம் சொன்னார். பெயரைப் போட்டிருந்தாலும் இதைவிடத் தெளிவாக அடையாளம் காட்டியிருக்க முடியாது.

இழப்பு அந்த ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை. அதை வாசித்த ஏனைய உரிமையாளர்கள், லைக் போட்டவர்கள் உட்பட, இவரிடம் கணக்குப் புத்தகங்களைக் கொடுத்தால் நாளை எங்கள் குறையும் ஊரறியும் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் காரணம் சொல்லி விலகுவதில்லை, அழைக்காமல் இருந்துவிடுகிறார்கள். எழுதியவரோ தன் எழுத்து போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிக விவரத்துடன் அடுத்த கதையை எழுதத் தொடங்குகிறார். என்னை வருத்துவது இதுதான்.

ஊழியர்களின் சம்பள விவரம் தனியாட்களின் தரவு என்பதையும் மறக்கக் கூடாது. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, தன் சம்பளம் ஊரார் கைத்தொலைபேசியில் திரிவதை எந்தத் தொழிலாளி விரும்புவார்?

அந்த இளைஞரின் அறிவு முழுவதையும், எவரையும் காட்டிக்கொடுக்காமலே எழுதியிருக்கலாம். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 சதவீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 சதவீதமும் செல்ல வேண்டும். பல சிறு நிறுவனங்கள் அதை அடிப்படைச் சம்பளத்தின் மீது மட்டும் கணித்து, வாழ்க்கைச் செலவுப் படியைச் சேர்க்காமல் விட்டுவிடுகின்றன. மேலதிக நேரக் கொடுப்பனவைச் சேர்க்கத் தேவையில்லை என்பது தெரியாமல், அதையும் சேர்த்துக் கூடுதலாகக் கட்டுபவர்களும் உண்டு. இவ்வளவையும் ஒரு கற்பனைச் சம்பளச் சீட்டை வைத்து விளக்கினால், வாசிக்கும் உரிமையாளர் தன் பட்டியலை எடுத்துப் பார்ப்பார். பிழை கண்டவர் உங்களைத்தான் அழைப்பார்.

உண்மைக் கதையேதான் வேண்டுமென்றால், வேலை முழுவதும் முடிந்து நிலுவையும் தீர்ந்த பின்னர், வெளியிடப்போகும் வாசகத்தை ஒரு சொல் குறையாமல் மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்தில் சம்மதம் பெறுங்கள். கலியாண வீட்டில் சந்தித்தபோது “ஓம் தம்பி, போடுங்கோ” என்று சொன்னது சம்மதமாகாது. எதைப் போடப்போகிறீர்கள் என்று அவர் அப்போது பார்த்திருக்கவில்லை. பதில் வராவிட்டால் மறுப்பென்றே கொள்ளுங்கள், இரண்டாம் முறை கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

தொடர்பை ஏற்றவுடன் விலைப்பட்டியல் அனுப்புவது

அனுப்பாதீர்கள்.

பண்டிகை வாழ்த்து அட்டைகள்

பொங்கலுக்கும் வெசாக்குக்கும் இலச்சினையோடு போடும் அட்டை ஒருவரையும் வாடிக்கையாளராக்கியதை நான் கண்டதில்லை. வாழ்த்த விரும்பினால் இருக்கும் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழையுங்கள்.

யார் வாசிப்பார் என்று எண்ணாமல் மொழியைத் தெரிவுசெய்வது

கொழும்பில் அத்தளத்தை நாள்தோறும் திறப்பவர்கள் பெரும்பாலும் நிதி முகாமையாளர்களும் ஏற்றுமதி, மென்பொருள் நிறுவனங்களில் இருப்பவர்களுமே. அலுவலகத்தில் அவர்கள் ஆங்கிலத்தில் வாசித்துப் பழகியவர்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதுவதில் தவறில்லை. ஆனால் செட்டியார் தெரு நகைக்கடைகளையோ பிரதான வீதி மொத்த வியாபாரிகளையோ எதிர்பார்த்துக்கொண்டு அங்கே ஆங்கிலத்தில் எழுதுவது வீண். அவர்களில் பலர் அத்தளத்துக்கே வருவதில்லை. கடையைப் பார்த்துக்கொள்ளும் மகனோ மருமகளோ வருகிறார். தமிழில் தெளிவாக எழுதியிருந்தால் அதை வட்ஸ்அப்பில் அப்பாவுக்கு அனுப்புகிறார். எனக்கு வந்த மொத்த வியாபாரிகள் சிலர் இந்த வழியாகவே வந்தார்கள். ஆகவே தமிழ்ப் பதிவை எழுதும்போது, அது தளத்துக்கு வெளியே தனியாக வாசிக்கப்படும் என்ற எண்ணத்தோடு, உங்கள் பெயரையும் தொழிலையும் வாசகத்துக்குள்ளேயே ஓரிடத்தில் சொல்லிவிடுங்கள்.

பின்னூட்டக் கேள்வியை இன்பொக்ஸுக்கு விரட்டுவது

ஒருவர் முன்வந்து, பயணப்படிக்கும் சேமலாப நிதி கட்ட வேண்டுமா என்று எல்லார் முன்னிலையிலும் கேட்கிறார். அதற்கு ‘இன்பொக்ஸில் வாருங்கள்’ என்று பதில் எழுதுவது, கடைக்குள் வந்தவரைப் பின்வாசலுக்கு அனுப்புவது போன்றது. பொதுவான விதியை அங்கேயே இரண்டு வசனங்களில் சொல்லுங்கள். கேட்கத் தயங்கிய பலருக்கும் அதே சந்தேகம் இருக்கும். அவருடைய நிறுவனத்துக்கே உரிய தொகைகளைப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்ற நிலை வரும்போது மட்டும், தனியாகப் பேசலாம் என்று தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள். வேலைநாளில் வந்த கேள்விக்கு அன்றைக்கே பதில் போக வேண்டும், ஏனெனில் சம்பளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர் அடுத்த நாள்வரை காத்திருப்பதில்லை.