வயர்லெஸ் ஈத்தர்நெட் மோடம்: ஆன்டெனாவைத் திருப்புவதற்கு முன்

போன வாரம் புதிதாக வேலைக்கு வந்த இரண்டு பேர், கேபிளுக்குப் பதில் ரேடியோவில் நெட்வொர்க்கைக் கடத்தும் மோடத்தின் ஆன்டெனாவைத் திருப்ப, ஸ்பேனரோடு கம்பத்தில் ஏறத் தயாராக நின்றார்கள். ஸ்காடாவில் (தூரத்துக் கருவிகளைக் கண்காணிக்கும் கன்ட்ரோல் ரூம் கணினி) டேட்டா வரவில்லை, அதனால் சிக்னல் கோளாறுதான் என்பது அவர்கள் முடிவு. பிஎல்சியில் (தூரத்தில் இயந்திரத்தை இயக்கும் கன்ட்ரோலர்) கேட்வே (வேறு நெட்வொர்க்குக்குப் போகும் வாசலின் முகவரி) என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். 0.0.0.0, அதாவது எதுவும் போடவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அவர்கள் மேல் பாதி, பழைய என் மேல் பாதி. ஒரே ஐபியை இரண்டு கருவிக்குக் கொடுப்பது, பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவது எல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன். மற்ற தவறுகள் கீழே.

போக வழி இருக்கிறது, திரும்பி வர?

பிரிட்ஜ் மோடில் (இரண்டு பக்கத்தையும் ஒரே நெட்வொர்க்காக இணைக்கும் முறை) பழகியவர்கள்தான் இதில் விழுவார்கள். அங்கே இரண்டு பக்கமும் ஒரே சப்நெட் (ஒரே முகவரித் தொகுதி), கேட்வேயைக் காலியாக விட்டாலும் ஓடும். ஒவ்வொரு பக்கமும் தனி சப்நெட்டாக இருக்கும் ரூட்டர் மோடுக்கு மாறினால் கதை வேறு. கன்ட்ரோல் ரூம் 192.168.10.x, ரேடியோ 192.168.30.x, தூரத்துப் பக்கம் 192.168.20.x என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காடா 192.168.10.5, பிஎல்சி 192.168.20.10; இனி கடைசி இரண்டு எண்களை மட்டும் சொல்கிறேன். ஸ்காடாவின் கேள்வி ரேடியோ தாண்டி பிஎல்சி வரை ஒழுங்காகப் போய்ச் சேரும். பதில் சொல்ல வேண்டிய பிஎல்சியோ, 10.5 தன் சப்நெட்டில் இல்லை, கேட்வேயும் இல்லை என்று சும்மா இருந்துவிடும். திரையில் டைம்அவுட்.

எனக்கு இது இரண்டு நாளைத் தின்றது. சிக்னல் -62 டிபிஎம், நல்ல அளவுதான், லிங்க் விளக்கு எரிகிறது, மோடத்துக்கு மோடம் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது. தூரத்து மோடத்துக்குள் போய் அங்கிருந்து பிஎல்சியை பிங் செய்தேன், பதில் வந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது: அந்த இரண்டும் ஒரே சப்நெட், கேட்வே இல்லாமலே பேசிக்கொள்ளும். "அந்தப் பக்கம் சரி, ரேடியோதான் சொதப்புகிறது" என்று ஆன்டெனாவை மூன்று முறை திருப்பினேன், கேபிளை மாற்றினேன், கடைசியில் மோடத்தையே மாற்றினேன்.

பார்க்க வேண்டியவை இரண்டே. பிஎல்சியின் கேட்வே, தூரத்து மோடத்தின் ஈத்தர்நெட் பக்க முகவரியாக இருக்க வேண்டும் (இங்கே 20.1). அப்புறம் அந்த மோடத்தில் 192.168.10.0-க்கு, எதிர் மோடத்தின் ரேடியோ முகவரி வழியாக ஒரு ரூட் (எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழி என்ற பதிவு) வேண்டும். போகிற பக்கத்து ரூட்டை எல்லோரும் போடுகிறார்கள், திரும்புகிற பக்கத்தை ஏனோ யாருக்கும் நினைவு வருவதில்லை.

இதற்கு ஒரு தம்பி உண்டு: கேட்வே சரி, மாஸ்க் (தன் சப்நெட் எதுவரை என்று சொல்லும் எண்) தப்பு. பிஎல்சியில் 255.255.0.0 என்று போட்டுவிட்டால், 10.5 பக்கத்திலேயே இருக்கிறது என்று நம்பி கேட்வேயை அது தொடவே தொடாது, ஏஆர்பியில் (இந்த முகவரி யாருடையது என்று தன் நெட்வொர்க்குக்குள் கேட்பது) கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். தூரத்துப் பக்கம் லேப்டாப்பைச் செருகி, நெட்வொர்க் ஸ்விட்ச்சில் போர்ட் மிரர் (பிஎல்சி போர்ட்டில் போவதன் நகலை லேப்டாப்புக்கு அனுப்புவது) போட்டு வயர்ஷார்க் என்ற மென்பொருளில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரியும். கேள்வி வந்து பதில் போகவில்லை என்றால் ஆன்டெனாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பக்கத்து மோடத்தின் செட்டிங்கை முதலில் மாற்றுவது

ரேடியோ செட்டிங்கை மாற்றும்போது தூரத்தில் இருப்பதை முதலில் மாற்றுங்கள். லிங்க் அறுந்து அது பார்வையை விட்டு மறைந்த பிறகு பக்கத்தில் இருப்பதை மாற்றினால் இரண்டும் திரும்பச் சேரும். தலைகீழாகச் செய்தவன் வண்டி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். நான் போயிருக்கிறேன், மழையில்.

சேமித்துவிட்டுக் கிளம்புவது

பல மாடல்களில் சேமிப்பது வேறு, ரீஸ்டார்ட் செய்து அமலுக்குக் கொண்டுவருவது வேறு. பவரை ஒரு முறை அணைத்துப் போட்டுப் பார்க்காமல் பெட்டியை மூடாதீர்கள்.

ஆபீஸ் நெட்வொர்க்கை பிரிட்ஜில் கோப்பது

அங்கே பறக்கிற பிராட்காஸ்ட் (எல்லாக் கருவிக்கும் பொதுவாக அனுப்பும் செய்தி) எல்லாம் ரேடியோவில் ஏறும். கேபிளுக்கு அது தூசு, குறைந்த வேக ரேடியோவுக்கு மூச்சுத் திணறல். ஃபில்டர் போடுங்கள், இல்லையென்றால் ரூட்டர் மோடுக்குப் போங்கள்.

டைம்அவுட்

பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைச் சொல்கிறேன்: கேபிளுக்கு வைத்ததையே ரேடியோவுக்கும் வைக்காதீர்கள், அதைவிட அதிகம் வேண்டும்.

டிஎச்சிபி

முகவரியைத் தானாகக் கொடுக்கும் இது பிஎல்சிக்கு வேண்டாம்.

செட்டப் டிப் ஸ்விட்ச்

மோடத்தை செட்டப் நிலையில் கிளப்பும் இந்தக் குட்டி ஸ்விட்ச்சை, வேலை முடிந்ததும் பழைய நிலைக்குத் தள்ளுங்கள். அந்த இரண்டு பேரும் கேட்வேயைச் சரி செய்துவிட்டு இதை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள், மறுநாள் காலை எனக்குத்தான் போன் வந்தது.