பராஷாவுக்குக் கேள்வி தயாரிப்பது எப்படி? ஒரு மூக்கு வளையத்தை வைத்து

யூதர்களின் வேதமான தோராவை வாரம் ஒரு பகுதியாக (அதுதான் பராஷா) வாசிக்கும் குழுவில் அடுத்த சனிக்கிழமை கேள்வி கொண்டுவருவது உங்கள் முறையா? என் முதல் முறையில் "இந்தக் கதையிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்?" என்று கேட்டேன். நம்பிக்கை, விருந்தோம்பல் என்று ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். ஐந்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்து எல்லோரும் தேநீருக்குப் போய்விட்டார்கள்.

படி 1: எந்தப் பகுதி என்று ஹெப்கால் என்ற யூத நாட்காட்டித் தளத்தில் பாருங்கள். தோராவை 54 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். இங்கே எடுத்துக்கொள்வது ஐந்தாவது பகுதியான ஹயே சாரா, ஆதியாகமம் 23:1 முதல் 25:18 வரை.

படி 2: வெறும் வசனங்களை மட்டும் தாளில் அச்செடுத்துப் பென்சிலோடு உட்காருங்கள். யூத நூல்களை உரைகளோடு தரும் செஃபாரியா அருமையான தளம்தான், ஆனால் ஒரு வசனத்தைத் தட்டினால் பத்து உரைகாரர்கள் வந்து நிற்பார்கள், உங்களுக்குச் சந்தேகம் வருவதற்கு முன்பே பதில் வந்துவிடும். இடைக்கால உரைகாரரான ராஷியை மூடி வையுங்கள்.

படி 3: நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். 24ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமின் மகனுக்குப் பெண் தேடிப் போன வேலைக்காரன் கிணற்றடியில் ரெபெக்காளைச் சந்திக்கிறான், பிறகு அதே கதையை அவள் வீட்டாரிடம் திரும்பச் சொல்கிறான். 'சொன்னதையே சொல்கிறார்கள்' என்று நான் தாண்டிப் போயிருந்தேன். தாண்டாதீர்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். 22, 23ஆம் வசனங்களில் முதலில் நகை (மூக்கு வளையம், காப்புகள்), அப்புறம்தான் "நீ யாருடைய மகள்?" 47இல் அவன் சொல்லும்போது முதலில் கேள்வி, பிறகு நகை. அதேபோல், 4ஆம் வசனத்தில் ஆபிரகாம் சொன்னது 'என் தேசம், என் பிறப்பிடம்'. 38இல் ஆபிரகாம் சொன்னதாக அவன் சொல்வது 'என் தகப்பன் வீடு, என் குடும்பம்'.

படி 4: இப்போது கேள்வியை எழுதலாம். "வேலைக்காரன் ஏன் பொய் சொன்னான்?" என்று கேட்காதீர்கள், அதில் தீர்ப்பு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. "வரிசை எங்கே மாறுகிறது, யார் காதுக்காக?" என்று கேளுங்கள். எல்லோரும் முட்டி மோதிய பிறகு ராஷியைத் திறங்கள். யாரென்றே தெரியாமல் நகையை எப்படிக் கொடுத்தாய் என்று அவள் வீட்டார் பிடித்துக்கொள்ளக் கூடாதே என்றுதான் மாற்றினான் என்கிறார். வேத ஆசிரியை நெஹாமா லெய்போவிட்ஸ் 1942 முதல் வாராவாரம் அனுப்பிய கேள்வித் தாள்களில் கடினமான கேள்விக்கு ஒரு பெருக்கல் குறி, மிகக் கடினமானதற்கு இரண்டு என்று போடுவார். நானும் அப்படியே போடுகிறேன், புதியவர்கள் பயப்படாமல் இருக்க.

சேர்த்தது: ஹெப்கால் தளத்தில் வேறு பகுதி காட்டுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். இஸ்ரேலில் பஸ்கா பண்டிகை ஏழு நாள், வெளியே பல சமூகங்களில் எட்டு. எட்டாம் நாள் சனிக்கிழமையில் விழுந்தால் இஸ்ரேல் ஒரு பகுதி முன்னே போய்விடும், சில வாரம் அப்படியே ஓடும். தளத்தின் அமைப்பில் உங்கள் இடத்தைச் சரிபாருங்கள்.

இன்னொன்று: 22ஆம் வசனத்தின் எபிரேயத்தில் 'எடுத்தான்' என்றுதான் இருக்கிறது, 'கொடுத்தான்' இல்லை என்று ஒரு வாசகர் பிடித்துவிட்டார். சரிதான். கையில் எடுத்து வைத்துக்கொண்டே கேட்டிருக்கலாம், அப்படியானால் வரிசை மாறவே இல்லையோ? அடுத்த முறை 30ஆம் வசனத்தையும் சேர்த்துக் கொடுக்கப் போகிறேன். ரெபெக்காளின் சகோதரன் லாபான் ஓடி வருவதற்குள் காப்பு அவள் கையில் ஏறிவிட்டது, எப்போது ஏறியது என்றுதான் தெரியவில்லை.