ஃபார்மலின் பாட்டிலைத் திறக்கும் முன்: தவளை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மழையில் மாணவர்கள் இருவரோடு மலையில் இருந்தேன். கிடைத்த குட்டித் தவளையோடு ஒருவரின் கை நேராக ஃபார்மலின் பாட்டிலுக்குப் போனது. சட்டென்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். என் முதல் வருடத்தில் என் கையும் அப்படித்தான் போனது, தடுக்க ஆள் இல்லை. டார்ச் பேட்டரி, அட்டைக்கடி பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

திசு எடுக்கும் முன் ஃபார்மலின்

ஃபார்மலின் உடலை அழுகாமல் காக்கும். கூடவே டிஎன்ஏவைப் புரதங்களோடு பிணைத்துத் துண்டுதுண்டாக்கிவிடும். உருவம் மிஞ்சும், உறவுமுறை தெரியாது.

அது எவ்வளவு பெரிய இழப்பு என்று பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்குள் வாழும் ஊதாத் தவளையின் இரண்டாவது இனம் 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலைச்சரிவிலிருந்து விவரிக்கப்பட்டது. மறைந்த ஆய்வாளர் சுப்பிரமணியம் பூபதியின் பெயரை வைத்தார்கள். கேரளப் பக்கத்து இனம் தென்மேற்குப் பருவமழையில் இனப்பெருக்கம் செய்கிறது, இது வடகிழக்குப் பருவமழையில். எலும்பும் குரலும் வேறு, மைட்டோகாண்ட்ரியா மரபணு ஒன்றில் 6 சதவீத வேறுபாடு. இந்த மழைக்கால வித்தியாசமே இரண்டையும் பிரித்திருக்கலாம் என்கிறார்கள். திசு இல்லாமல் இந்தக் கதையில் பாதியைச் சொல்லியிருக்கவே முடியாது.

முதல் வருடத்தில் நான் நேராக ஃபார்மலினில் போட்ட தவளை ஒரே ஒரு ஆண். அதிலிருந்து டிஎன்ஏ எடுக்க மூன்று மாதம் ஆய்வகத்தில் மல்லுக்கட்டியும் ஒன்றும் தேறவில்லை. அடுத்த இரண்டு வருடம் அதே ஓடையில் உட்கார்ந்தேன், அந்தக் குரலே கேட்கவில்லை. ஜாடியில் இன்னமும் விரல் நுனிவரை அப்படியே இருக்கிறது, பெயரில்லாமல். ஓர் உயிரை எடுத்துவிட்டுப் பாதி பதிலோடு நிற்பது இன்றும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

முதலில் தொடையிலோ கல்லீரலிலோ அரிசி அளவு துண்டை வெட்டித் தூய எத்தனாலில் போடுங்கள். எத்தனால் தாராளமாக இருக்கட்டும், மறுநாள் மாற்றுங்கள். அப்புறம்தான் ஃபார்மலின்.

பால்பாயின்ட் பேனாவால் சீட்டு எழுதுவது

ஆல்கஹாலில் மை கரைந்துவிடும். பென்சில்.

பிடித்த பிறகு குரல் பதிவு

பிடிப்பதற்கு முன்பே பதிவு செய்யுங்கள். காற்றின் வெப்பநிலையையும் குறியுங்கள். சூடு மாறினால் கூப்பிடும் வேகமும் மாறும்.

ஓடைக்கு ஓடை அதே செருப்பு

தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையைச் சுமந்து போவீர்கள்.

‘யாரும் பார்த்ததில்லை’ என்பது

ஊதாத் தவளைக்கு அறிவியல் பெயர் கிடைத்தது 2003இல். அதன் தலைப்பிரட்டையோ 1918இலேயே விவரிக்கப்பட்டுவிட்டது. மலையில் வாழ்கிறவர்களுக்கு அது அதற்கும் முன்பே தெரியும். முதலில் அவர்களிடம் கேளுங்கள், எந்த மழைக்கு எந்தப் பாறையிடுக்கில் சத்தம் வரும் என்று.